இரண்டு நாற்பது

மே 6

கோபுரத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. பதினாலாவது வருஷம். ஹெலிகாப்டர் என் பெட்டிகளை இறக்கிவிட்டுப் பத்து நிமிஷத்தில் போய்விட்டது. குளிர்காலம் முழுக்கக் குடிலில் எலிகள் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. மெத்தையில் ஒரு மூலையையே காணோம். கூட்டிப் பெருக்கி, அடுப்பு மூட்டி, ஜன்னல் துடைத்ததில் பொழுது போயிற்று. சாயங்காலம் நூறடி ஏணியில் ஏறி மேலே கண்ணாடிக் கூண்டுக்குப் போனேன். முழங்கால் போன வருஷத்தைவிட மோசம். நாலு பக்கமும் காடு. பாப்ளர் மரங்கள் இன்னும் இலை விடவில்லை. வடகிழக்கே ஏரியோரமாக வில்லோ பாயின்ட் ஊரின் தண்ணீர்த் தொட்டி வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. என் கண்ணுக்கு எட்டும் ஒரே ஊர்.

இனி செப்டம்பர் வரை புகை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மே 9

வானொலியில் புதுக் குரல். காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் ஒவ்வொரு கோபுரமாகக் கூப்பிட்டு, வானிலை கேட்டு, ஆள் நன்றாக இருக்கிறாரா என்று குறித்துக்கொள்ளும் பெண். பெயர் ராக்ஸான் கார்டினல். பழைய ஆள் எல்லோரையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவான். இவள், "மார்ட்டன் கோபுரம், வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு ஒரு நொடி காத்திருக்கிறாள். பதில் சொல்ல எனக்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை.

மே 17

மழை. பேன்கேக். மழை.

மே 19

வடக்குக் கோபுரத்து ஆர்வில் மாலைப் பேச்சில் செய்தி சொன்னார். அறுபது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு எப்படித்தான் ஊர்க்கதையெல்லாம் தெரிகிறதோ. ராக்ஸான் கர்ப்பமாம். செப்டம்பர் கடைசியில் குழந்தை. அப்பன்காரன் கிழக்கே எங்கோ சுரங்க வேலைக்குப் போனவன் போன் எடுப்பதில்லையாம். "அந்தப் பொண்ணு தனியாத்தான் சமாளிக்குது மார்ட்டன்," என்றார். இங்கே நாங்கள் ஒருவரையொருவர் கோபுரத்தின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். என் சொந்தப் பெயர் வெர்னா என்பது செப்டம்பரில் கீழே இறங்கும்போதுதான் எனக்கே ஞாபகம் வரும்.

மே 20

மீதி நூல் பையைக் கட்டிலில் கொட்டினேன். எல்லாம் எதையாவது பின்னி மிஞ்சியது. பழுப்பு, கணவன் வால்ட்டுக்குப் பின்னிய ஸ்வெட்டரில் மிச்சம். ஏழு வருஷத்துக்கு முன் நான் கோபுரத்திலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனபோது வால்ட்டும் இல்லை, ஸ்வெட்டரும் இல்லை. ஒருவகையில் எனக்குச் சந்தோஷம்தான், ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போனானே என்று. மஞ்சள், தங்கை மகளின் தொப்பி. பச்சை எதில் மிஞ்சியது என்று ஞாபகமில்லை. நீலம் நிறைய இருக்கிறது. வெள்ளை, சாம்பல், ஒரு கைப்பிடி சிவப்பு.

ஒரு குழந்தைப் போர்வைக்குப் போதுமா? போதும் என்றுதான் நினைக்கிறேன். தடிமன் ஒத்துவராததை ஒதுக்கினேன். அலை வடிவம் போடலாம். ஏறும்போது பன்னிரண்டு கண்ணி, இறங்கும்போது பன்னிரண்டு, பள்ளத்தில் இரண்டைத் தாண்டிவிட வேண்டும். எண்ணிக்கை தப்பினால் அலை கோணிக்கொள்ளும். ஆனால் முடித்தால் அழகு.

முகம் தெரியாத பெண்ணுக்குப் போர்வை. சொன்னால் சிரிப்பார்கள். யாரிடம் சொல்லப்போகிறேன்.

ஜூன் 2

ஐந்து வரிசை முடித்து, மூன்றைப் பிரித்தேன். பழுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் சகிக்கவில்லை. கடைசியில் பழுப்பையே பைக்குள் போட்டுவிட்டேன்.

ஜூன் 12

மளிகை வந்த நாள். விமானி புதுப்பையன், இன்ஜினை நிறுத்தக்கூட இல்லை. முட்டை, உருளைக்கிழங்கு, தண்ணீர், ஒரு பத்திரிகை. கடிதம் இல்லை. தங்கை ஈஸ்டருக்கு எழுதுவதாகச் சொன்னாள். எந்த ஈஸ்டர் என்று சொல்லவில்லை.

ஹெலிகாப்டர் போன பிறகு வரும் அமைதி, அது வருவதற்கு முன் இருந்த அமைதி மாதிரி இருப்பதில்லை.

ஜூன் 21

இன்று காலை ராக்ஸான், நாள் முழுக்க அங்கே என்னதான் செய்வீர்கள் என்று கேட்டாள். மே மாதத்திலிருந்து பின்னிக்கொண்டிருக்கிறேன் என்றேன். என்ன என்று கேட்டாள். எட்டுக் கோபுரமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. வெட்கம் வந்துவிட்டது எனக்கு, ஐம்பத்தொன்பது வயதில். "தொப்பி" என்று சொல்லிவிட்டேன்.

உடனே ஆர்வில் குறுக்கே புகுந்தார். "மே மாசத்துலேர்ந்து ஒரே தொப்பியா? யாருக்கு, யானைக்கா?"

ராக்ஸான் சிரித்தாள். பேசும்போது அழுத்தும் பொத்தானை விட மறந்து சிரித்ததில் முழுச் சிரிப்பும் எனக்குக் கேட்டது. நாள் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டுகிறவள் ஆகிவிட்டேனே.

ஜூன் 30

அவளுடைய அப்பா ஆம்ப்ரோஸ் வில்லோ பாயின்ட்டில் இருக்கிறாராம். "உங்க கூண்டுலேர்ந்து எங்க அப்பா வீடு தெரியுமா?" என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டி தெரியும் என்றேன். அதற்கு நேர் பின்னால்தானாம். தொட்டில் செய்துகொண்டிருக்கிறாராம், பக்கச் சட்டம் மட்டும் பாக்கி.

இப்போது தினமும் காலையில் முதலில் அந்தத் தண்ணீர்த் தொட்டியைத்தான் பார்க்கிறேன்.

ஜூலை 7

வெயில். ஈரப்பதம் இருபத்தாறு. காட்டுக்குள் நடந்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. அபாய நிலை உச்சம் என்று அறிவித்துவிட்டார்கள். காலை பத்து முதல் இரவு எட்டு வரை கூண்டைவிட்டு இறங்கக் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நாலு திசையும் தொலைநோக்கியில் அலசி, பதிவேட்டில் நேரம் எழுத வேண்டும். பின்னலையும் மேலே கொண்டுபோகிறேன். சும்மா உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. கைக்கு வேலை இருந்தால் கண் விழித்திருக்கும். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

ஜூலை 10

எழுத முடியவில்லை.

ஜூலை 11

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் மட்டுமாவது உள்ளபடி இருக்கட்டும்.

நேற்று இரண்டு இருபதுக்கு நாலு திசையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எழுதினேன். பிறகு பின்னலை எடுத்தேன். நீல வரிசையில் ஒரு கண்ணி குறைந்தது. எண்ணினேன், இல்லை. மறுபடி எண்ணினேன். தப்பு மூன்று வரிசைக்குக் கீழே, வெள்ளையில் இருந்தது. பிரிக்கலாமா, இங்கேயே ஒரு கண்ணி கூட்டிச் சரிக்கட்டலாமா என்று மடியில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடிகாரம் இரண்டு நாற்பது. தலையைத் தூக்கவில்லை. கையை மட்டும் நீட்டி எழுதினேன்: 2:40, ஒன்றுமில்லை.

பதினாலு வருஷத்தில் ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை. சத்தியமா இல்ல. ஆனா நேத்துச் செஞ்சேனே. நேத்துத்தானா செய்யணும்?

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஆர்விலின் குரல். "மார்ட்டன், உன் வடகிழக்குல புகை. பாக்கலயா நீ?"

நிமிர்ந்தேன். புகைத்தூண் ஏற்கனவே உயர்ந்து, தலை காற்றில் சாய்ந்துவிட்டிருந்தது. அடியில் கறுப்பு. என்னிடமிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர், அவரிடமிருந்து அதைவிடத் தூரம். நான்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். புகையின் திசை அளக்கும் கோணமானியை இரண்டு தடவை திருப்ப வேண்டியிருந்தது. தென்மேற்குக் காற்று, நேராக ஏரிப் பக்கம்.

மாலைக்குள் வில்லோ பாயின்ட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எந்தத் தெருவுக்கு எந்தப் பேருந்து, வயதானவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று ராக்ஸான்தான் படித்தாள். ஒரே சீரான குரலில் படித்தாள். அப்பாவின் தெருவையும் அதே குரலில்தான்.

ஜூலை 13

ஒன்பது வீடுகள். உயிர்ச்சேதம் இல்லை. ஒன்பதில் ஒன்று ஆம்ப்ரோஸுடையது. அவர் டவுனில் ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் போட்ட கட்டிலில் இருக்கிறார் என்று ஆர்வில் சொன்னார். தொட்டிலைப் பேருந்தில் ஏற்ற இடம் இல்லையாம்.

என்னைச் சுற்றி எல்லாம் ஆரஞ்சு மூட்டம். ஏணியின் அடி தெரியவில்லை. பார்ப்பதற்கென்றே இருப்பவள், பார்க்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 14

மேற்பார்வையாளர் கர்ட் கூப்பிட்டார். வழக்கமான விசாரணைதான். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். இரண்டு நாற்பது என்றேன். "அந்தப் பக்கம் மேடு மறைக்கும், ஆரம்பத்துல தெரிஞ்சிருக்காது," என்று அவரே ஒரு காரணம் சொல்லி, அதையே எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

முடிந்தது. யாருக்கும் தெரியாது. போர்வை கட்டிலுக்கு அடியில், பையில்.

ஜூலை 16

சாப்பிட்டேன். தூங்கினேன். வானிலை சொன்னேன்.

ராக்ஸான் இப்போதும் கேட்கிறாள்: "வேற ஒண்ணும் இல்லையே, மார்ட்டன்?" இல்லை என்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவளிடமே இல்லை என்கிறேன்.

ஜூலை 18

தலை தூக்காத அந்த முப்பத்திரண்டு நிமிஷத்தில் ஒருமுறை பார்த்துச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தீ அணைக்கும் தண்ணீர் விமானம் கிளம்பி வர இருபத்தைந்து நிமிஷம். அடக்கியிருக்கலாம். காற்று அடித்த அடிக்கு அடக்காமலும் போயிருக்கலாம். எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடம்: நான் பார்க்கவில்லை, பார்த்ததாக எழுதினேன். முதலாவது நடக்கக்கூடியது. யாருக்கும் நடக்கும். இரண்டாவது?

ஜூலை 19

சொல்லிவிட்டேன்.

கர்ட்டிடம் தனியாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் காலை ஏழு மணிக்கு அவள் குரல் கேட்டதும் வேறு மாதிரி ஆகிவிட்டது. வானிலை சொல்லி முடித்தேன். வேற ஒண்ணும் இல்லையே என்றாள்.

"பதிவேட்டுல ஒரு திருத்தம் இருக்கு," என்றேன்.

"சொல்லுங்க."

"ஜூலை பத்து. இரண்டு நாற்பது. நாலு திசையும் பாத்ததா எழுதியிருக்கேன். அது பொய். நான் பாக்கல. இரண்டு இருபதுக்கு அப்புறம் நான் தலையே தூக்கல."

எட்டுக் கோபுரமும் கேட்டிருக்கும். அப்புறம் அவள், "அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பின்னிட்டிருந்தேன்."

"தொப்பியா?"

உன் பிள்ளைக்கு என்று சொல்ல முடியுமா? சொன்னால் பாதிச் சுமையைத் தூக்கி அவள் தலையில் வைத்த மாதிரி. "ஆமா," என்றேன்.

"திருத்தம் பதிவாயிடுச்சு, மார்ட்டன். நேரம் ஏழு பதினாறு." அடுத்த கோபுரத்தைக் கூப்பிட்டாள். குரல் மாறவில்லை. கடைசி வார்த்தையில் மட்டும் கொஞ்சம்.

ஜூலை 20

ஆர்வில் மாலைப் பேச்சுக்கு வரவில்லை. வேறு யாரும் வரவில்லை.

ஜூலை 22

கர்ட் நேரில் வந்தார். குடிலுக்குள் உட்காரவில்லை, வாசலில் நின்றே பேசினார். கோபம் இல்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. மாற்றாள் கிடைக்கும்வரை இருக்க வேண்டும், ஆகஸ்ட் இருபதுக்குள் அனுப்பிவிடுவார்கள். அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். "நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது வெர்னா," என்றார், பாராட்டா குறையா என்று எனக்குப் புரியாத மாதிரி. காபி போட்டு வைத்திருந்தேன். குடிக்காமல் போய்விட்டார்.

என் பெயரைச் சொன்னார். அதுதான் வலித்தது. இப்போதே நான் மார்ட்டன் இல்லை.

ஜூலை 29

பத்து நாளாக ராக்ஸானிடமிருந்து வேலைக்கு வேண்டிய சொற்கள் மட்டும். காற்று. ஈரம். மழையளவு. நன்றி, மார்ட்டன். அந்தக் கேள்வியை இப்போது மற்ற ஏழு பேரிடமும் கேட்கிறாள். என்னிடம் இல்லை.

நான் எதிர்பார்த்தது இதைத்தானே? பின் ஏன் ஒவ்வொரு காலையும் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறேன்.

ஆகஸ்ட் 3

நாலு நாளாக மழை. தீ அடங்குகிறது. போர்வையை வெளியே எடுத்தேன். மொத்தத்தையும் பிரித்துவிடலாம் என்று நுனி நூலைப் பிடித்து இழுத்தேன். அரை வரிசை சரசரவென்று வந்தது. அப்புறம் கை நின்றுவிட்டது. பிரித்தால் என்ன, அந்த முப்பத்திரண்டு நிமிஷம் திரும்பி வருமா? மறுபடி மீதி நூலாகும். அவ்வளவுதான்.

வெள்ளையில் இருந்த தப்பு வரைக்கும் மட்டும் பிரித்து, அங்கிருந்து சரியாகப் போட்டேன். மழை நாளில் மட்டும், குடிலுக்குள் மட்டும். மேலே கூண்டுக்கு ஊசியைக் கொண்டுபோவதில்லை.

ஆகஸ்ட் 9

மின்னல் விழுந்து தெற்கே ஒரு புகை. நூல் மாதிரி வெள்ளையாக. மூன்று நிமிஷத்தில் சொல்லிவிட்டேன். ஒரு மரம் எரிந்ததோடு அணைத்துவிட்டார்கள். "நன்றி, மார்ட்டன்." எல்லோருக்கும் சொல்லும் நன்றி.

ஆகஸ்ட் 15

ஆர்வில் கூப்பிட்டார், நாலு வாரத்துக்குப் பிறகு. அவர் கோபுரத்தின் கீழே கரடி பெர்ரி தின்கிறதாம். கொஞ்ச நேரம் கரடியைப் பற்றிப் பேசினோம். கடைசியில், "ஒரு தடவை நானும் தூங்கிட்டேன். தொண்ணூத்தெட்டுல. ஒண்ணும் எரியல, அதான் யாருக்கும் தெரியாது," என்றார். எல்லோரும் கேட்கும் அலைவரிசையில் சொன்னார்.

ஆகஸ்ட் 19

போர்வை முடிந்தது. சிவப்பு ஓரம் கட்ட மூன்று விரல்கடை நூல் குறைந்தது. ஒரு மூலையில் சாம்பல் நிற நூல் போட்டேன். நூல் முனைகள் எழுபத்தாறு. ஒவ்வொன்றையும் ஊசியில் கோத்து உள்ளே மறைத்தேன். விரித்தால் என் கட்டிலில் பாதி.

நாளை மாற்றாள் வருகிறான்.

ஆகஸ்ட் 22

டவுன். துணி வெளுக்கும் கடைக்கு மேலே ஒரு அறை. கீழே நாள் முழுக்க இயந்திரம் உருளுகிறது. நேற்று மளிகைக் கடையில் பணம் வாங்கும் பெண் "வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டபோது பதில் வரவில்லை. மூன்றரை மாதத்துக்குப் பிறகு கேள்வியோடு எதிரே ஒரு முகம்.

செப்டம்பர் 8

பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. மாலை நாலு முதல் எட்டு வரை. பிள்ளைகள் போன பிறகுதான் நான் போகிறேன்.

செப்டம்பர் 27

ஆர்வில் போன் செய்தார், கோபுரத்திலிருந்து இறங்கிய கையோடு. பெண் குழந்தை, இருபத்துநாலாம் தேதி. இருவரும் சௌக்கியம். வீட்டு விலாசமும் சொன்னார், நான் கேட்காமலே.

அக்டோபர் 5

போர்வையைத் துவைத்துக் காயவைத்தேன். மடித்தேன். காகிதத்தில் சுற்றினேன். அவிழ்த்தேன்.

பெயர் போடாமல் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடலாம். அது இன்னொரு இரண்டு நாற்பது. கொடுப்பதாக இருந்தால் எது என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 11

போனேன்.

முதல் பனி விழுந்திருந்தது. கதவைத் திறந்தவர் ஆம்ப்ரோஸாகத்தான் இருக்க வேண்டும். நெட்டையான மனிதர், பின்னால் கட்டிய நரைமுடி. நான் மார்ட்டன் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ராக்ஸான், கோபுரத்தம்மா வந்திருக்காங்க," என்றார். வாசலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நான் நினைத்ததைவிடக் குள்ளம். நினைத்ததைவிடச் சின்னவள். கண்ணுக்குக் கீழே தூக்கம் இல்லாத கறுப்பு. மூன்றரை மாதம் காதில் கேட்ட குரலுக்கு ஒரு முகம்.

காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். "தொப்பின்னு சொன்னது பொய். இது உங்க பிள்ளைக்குப் பின்னினது. ஜூலை பத்தாம் தேதி என் மடியில இருந்தது இதுதான். வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிடுறேன். தெரியாம வாங்கிடக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

அவள் அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். திறந்த கதவு வழியாகப் பனிக்காற்று உள்ளே போயிற்று, குழந்தை சிணுங்கிற்று.

"எங்க அப்பா அந்த வீட்டை இருபத்திரண்டு வயசுல கட்டுனாரு," என்றாள். "எங்க அம்மா செத்தது அந்த வீட்டுல."

"ம்," என்றேன்.

அப்புறம் ஒரு கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "உங்கள மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. பிள்ளைக்குக் குளிருது, அதான்."

கதவு மூடிற்று. மெதுவாகத்தான் மூடினாள்.

நடந்தே வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கையுறை போடாமலே நடந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அக்டோபர் 30

பள்ளிக்கூடம். சூப். ஆர்வில் போன் செய்தார்.

நவம்பர் 6

தங்கை எழுதியிருக்கிறாள். ஒரு பக்கம். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாளாம், வீடு வெறிச்சென்று இருக்கிறதாம், நீ எப்படித்தான் தாங்குகிறாய் என்று கேட்டிருக்கிறாள். என்ன பதில் எழுதுவது என்று யோசிக்கிறேன்.

நவம்பர் 18

இன்று தபால் நிலையத்தில் நீளமான வரிசை. தங்கைக்கு எழுதிய கடிதத்தோடு நின்றிருந்தேன். எனக்கு நாலு ஆள் முன்னால் ராக்ஸான், குழந்தையோடு. அவள் என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். குழந்தை போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிற மூலையில் பால் கறை. தினமும் புழங்குகிற துணிக்கு உள்ள தளர்ச்சி அதற்கு வந்துவிட்டிருந்தது.

அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாள் போர்வையைத் தொட்டுப் பார்த்து, என்ன அழகு, யார் பின்னியது, உங்க அம்மாவா என்று கேட்டாள். நான் குனிந்து கடிதத்தில் தபால்தலை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். அது ஒட்டித்தான் இருந்தது.

"அம்மா இல்ல," என்றாள் ராக்ஸான். கொஞ்சம் நிறுத்தினாள். "வெர்னா. எங்களுக்குத் தெரிஞ்சவங்க. அதோ, பின்னால நிக்கிறாங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. அவள் முறை வந்தது. பொட்டலத்தைத் தராசில் வைத்தாள்.